கறிக்குழம்போடு வினைபுரியாத பேராசிரியர்கள்

“எத்தனை பேருக்கு ஆக்கோணும், சொல்லு சாமி.”

“பத்துப் பேருக்கு ஆக்கும்மா, போதும்.”

“பத்துப் பேருக்கா? நீ படிக்கற எடத்துல செவுரு பூரா பேருப்பலகை தொங்குது. போன மாசம் வந்தப்ப நானும் உங்கப்பனும் நின்னு படிச்சோம். டாக்டரு, டாக்டரு, டாக்டருன்னு பதினெட்டுப் பேரு. அத்தனை பேரு இருக்கற எடத்துக்குப் பத்துப் பேருக்கு மட்டும் சோத்தைத் தூக்கிக்கிட்டுப் போனா நம்மளை என்னன்னு நெனைப்பாங்க?”

பிரவீனாவுக்குக் காரணம் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் சில விஷயங்களைப் பேசாமல் பழகியவளுக்கு வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது.

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு அன்று, ஆய்வாளரின் வீட்டார்தான் தேர்வு வைப்பவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அதனால்தான் அதை இதுவரை யாரும் மீறியதில்லை. பிரவீனாவின் அம்மா சௌந்திரம் மீறுகிறவளும் அல்ல. அவள் புருஷன் ராசப்பன் மேச்சேரி வரைக்கும் போய்க் கிடாய் பிடித்துவந்தார். பலகையில் இருந்த அத்தனை பேருக்கும் விடியலிலேயே குழம்பு கொதித்தது. நாமகிரிப்பேட்டை மஞ்சளைத் தன் கையால் அரைத்துப் போட்டாள். பெரிய பெரிய தேக்சாக்களை ஆம்னி வேனில் ஏற்றி, நடுவில் மகளை உட்காரவைத்து, மூன்று பேரும் புதுச்சத்திரம் பக்கம் கிளம்பினார்கள்.

“ஏஞ்சாமி, நீ ஏழு வருசமா என்ன எழுதுனேன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?”

“ஈர்ப்புவிசைன்னு சொல்லும்மா.”

“அது தெரியும். அதுல நீ என்ன சொன்ன?”

பிரவீனா தேக்சாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள். “சூரியனுக்குப் பக்கத்துல இருக்கற கிரகம் வேகமாச் சுத்தும், தூரத்துல இருக்கறது மெதுவாச் சுத்தும். தூரம் போகப் போக இழுப்பு கொறையுமில்ல, அதனால. ஆனா கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்து சுத்தற அண்டங்கள்ல, ஓரத்துல இருக்கற நட்சத்திரமும் உள்ள இருக்கறதுக்குச் சமமா வேகமாச் சுத்துது. கண்ணுக்குத் தெரியற பொருளோட இழுப்பை மட்டும் கணக்குப் போட்டா, அது எப்பவோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கோணும்.”

“போகலையா?”

“போகலை. அப்ப அதை எதோ புடிச்சு வெச்சிருக்குது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள், தெரியறதை விட எச்சா இருக்குது, அதுதான் புடிச்சிருக்குதுன்னு நெறையப் பேரு சொல்றாங்க. நான் வேற மாதிரி சொல்றேன். தூரத்துல, இழுப்பு ரொம்ப மெல்லிசா ஆகற எடத்துல, ஈர்ப்பு விதியே கொஞ்சம் மாறுதோ என்னமோ. அப்படி விதியைத் திருத்திப் பாத்தா, தெரியாத பொருளே வேண்டியதில்ல.”

“இதுல எது நெசம்?”

“இன்னும் யாருக்கும் தெரியாதும்மா.”

“தெரியாததுக்கா ஏழு வருசம்?” என்றார் ஸ்டியரிங்கில் இருந்த ராசப்பன். அவர் இதை மாதம் ஒருமுறை கேட்பார்.

சென்னியம்மாள் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் சாலையோரமாகவே இருந்தது. அதை நிறுவிய வேந்தர் வீரபாகு ஒரு காலத்தில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர். அம்மா பெயரில் பல்கலைக்கழகம் கட்டி, அதில் இயற்பியல் துறைக்கு மட்டும் தனிக் கட்டடம் எழுப்பி, வாசலில் ‘கரும்பொருள் உயராய்வு மையம்’ என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்.

தேர்வு மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பேராசிரியரின் பெயர் அட்டை. வந்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் பிரவீனாவின் நெறியாளரும் துறைத்தலைவருமான மோகன்குமார். மற்ற இருவர் உதவிப் பேராசிரியர்கள். ஒருவர் திரையைச் சரிசெய்தார், ஒருவர் போட்டோ எடுத்தார்.

சௌந்திரம் மோகன்குமாரிடம் போனாள்.

“சாரு, மீதிப் பேரு எப்ப வருவாங்க? சோத்துக்கு எலை அறுத்து வெச்சிருக்கறமுங்க.”

“எல்லாரும் வந்துட்டாங்கம்மா.”

“எங்கீங்க?”

மோகன்குமார் காலி நாற்காலிகளைக் கையால் காட்டினார். அந்தக் கையில் கூச்சமோ தயக்கமோ இல்லை. பல வருடம் காட்டிப் பழகிய கை.

“தெரியலீங்களே.”

“தெரிய மாட்டாங்க. விளைவை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.”

வெளித்தேர்வர் சாரதாமணி சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். பல்கலைக்கழகத்தின் தரத்தை ஆய்ந்து சொல்லும் குழுவின் தலைவரும் அவரேதான். ஒரே கார் வாடகையில் இரண்டு வேலையும் முடியட்டும் என்று வேந்தர் இரண்டையும் ஒரே நாளில் வைத்திருந்தார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் சாரதாமணிக்கு, பிறகு மோகன்குமாருக்கு, பிறகு வரிசையாக எல்லா நாற்காலிகளின் முதுகுக்கும். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். போட்டோ எடுப்பவர் ஒவ்வொரு நாற்காலியையும் “கொஞ்சம் சிரிங்க சார்” என்று சொல்லி எடுத்தார். ராசப்பனும் கை தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருப்பது மரியாதையல்ல.

வேந்தர் பேச எழுந்தார்.

“நான் படிச்சவனில்லீங்க. ரிக் வண்டியோட ஊரு ஊராச் சுத்துனவன். ஆயிரம் அடிக்குக் கீழ தண்ணி இருக்கறதை யாராச்சும் கண்ணால பாத்ததுண்டா? இல்ல. இருக்குதுன்னு சொன்னோம், நம்புனாங்க, போட்டோம். தண்ணி வந்துச்சா வரலையாங்கறது வேற சங்கதி. நம்பறதுதானுங்க விஞ்ஞானம். இந்த அண்டத்துல இருக்கற பொருள்ல ஆறுல ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும், மீதி அஞ்சு பங்கு தெரியாதுன்னு மோகன்குமார் சாரு என்னைக்குச் சொன்னாரோ, அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன். ஆண்டவன் அண்டத்தை எப்படி நடத்தறானோ, அப்படியேதான் நானும் இந்தத் துறையை நடத்தோணும்னு. எச்சாவும் இல்ல, கொறைச்சலும் இல்ல.”

கைதட்டல் அடங்கியதும் பிரவீனா திரைக்கு முன்னால் வந்தாள். ஓரத்து நட்சத்திரங்களின் வேகத்தைக் காட்டினாள். பழைய விதிப்படி எவ்வளவு இருக்க வேண்டும், அளந்து பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு கோடுகளைப் போட்டாள்.

“இந்த ரெண்டு கோட்டுக்கும் இருக்கற இடைவெளியை நிரப்பறதுக்காக, கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒண்ணு இருக்கறதா வெச்சுக்கறாங்க. இந்த ஆய்வு சொல்றது, அப்படி ஒண்ணை வெச்சுக்க வேண்டிய அவசியமே இல்ல…”

“நிறுத்து அம்முணி.”

வேந்தர் எழுந்து நின்றிருந்தார்.

“எது அவசியமில்ல?”

“கண்ணுக்குத் தெரியாதது, ஐயா.”

“இல்லவே இல்லைங்கறியா?”

“இல்லைன்னு சொல்லலீங்க ஐயா. இல்லாமயே கணக்கு சரியா வருதுங்கறேன்.”

“மோகன்குமாரு! இந்தப் புள்ளைகிட்ட யாரு என்ன சொன்னாங்க?”

“ஐயா, இது வானத்தைப் பத்தி…”

“வானமோ பூமியோ! தரம் பாக்கற அம்மா உக்காந்திருக்கறப்ப, தெரியாதவங்க இல்லாமயே கணக்கு வரும்னு என்ர மண்டபத்துலயே சொல்றா. இதுக்கு எவன் காசு குடுத்தான்? எந்தக் காலேஜுக்காரன்?”

சாரதாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஒரு கேள்வி கேக்கலாமா? பிரவீனா, அண்டங்கள் கொத்துக் கொத்தா இருக்கற இடத்துல உங்க விதி பத்தாதே. அங்க இன்னும் பற்றாக்குறை வருமே?”

“ஆமாங்க மேடம், வருது. அங்க என் கணக்கு இடிக்குது. அதை மறைக்காம கடைசி அத்தியாயத்துல எழுதியிருக்கேன்.”

“நல்லது,” என்றார் சாரதாமணி.

வேந்தருக்கு இந்த ‘நல்லது’ பிடிக்கவில்லை. “சாப்புட்டுட்டு வந்து விசாரிச்சுக்கலாம்” என்றார். ‘தேர்வு’ என்று சொல்லாமல் ‘விசாரிச்சுக்கலாம்’ என்று சொன்னதைச் சௌந்திரம் கவனித்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை ‘படிப்பு முடியட்டும்’ என்று திருப்பி அனுப்பிய முகம் அது. இன்றைக்கு முடியவில்லை என்றால் இனி முடியாது என்று அவளுக்குப் பட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் எல்லாப் பெயருக்கும் இலை போட்டாள். மூன்று பேர், சாரதாமணி, வேந்தர், ஆக ஐந்து இலைக்கு ஆள் இருந்தார்கள். மற்ற இலைகளின் முன்னால் பெயர் அட்டைகள் இருந்தன.

“ஏனுங்க, என்ன பண்றது?” என்று புருஷனைக் கேட்டாள்.

ராசப்பன் யோசித்தார். “வந்துட்டாங்கன்னு பெரிய வாத்தியாரே சொல்றாரில்ல? அப்பறம் என்ன? கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கு எலை போடறது நமக்கென்ன புதுசா? அமாவாசைக்கு எங்கப்பனுக்குப் போடறதில்லையா? அப்படிப் போடு.”

அது அவளுக்குப் பிடிபட்டது. அவளுக்குத் தெரிந்த முறை அது. சோறு வைத்து, கறி வைத்து, குழம்பு ஊற்றி, அவித்த முட்டை வைத்து, ஒவ்வொரு அட்டையாகப் படித்து, ஒவ்வொரு இலைக்கும் குனிந்து சொன்னாள்.

“பிரபா டாக்டருங்களா… சாப்புடுங்க சாமி. எம் பொண்ணுக்கு நல்லபடியா முடிச்சுக் குடுங்க. காளிதாஸ் டாக்டருங்க… கூச்சப்படாம சாப்புடுங்க. எம் பொண்ணுக்கு நல்லபடியா முடிச்சுக் குடுங்க.”

சாரதாமணி தன் இலையை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

எல்லா இலைக்கும் பரிமாறி முடித்ததும் சௌந்திரம், “செரிங்க, எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க. கதவைச் சாத்தோணும்” என்றாள்.

“எதுக்கும்மா?”

“நாம நின்னா அவங்க சாப்புட மாட்டாங்க.”

வேந்தர் உட்பட எல்லோரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே வந்தார்கள். வேந்தருக்கு வேறு வழியில்லை. தன் பேராசிரியர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்? கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் எச்சில் கையோடு நின்றார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மோகன்குமார் மட்டும் கதவில் காதை வைத்து, “சாப்பிடுறாங்க” என்றார்.

கதவைத் திறந்தபோது இலைகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

“ஆகா!” என்றார் மோகன்குமார். “மேடம், இதை நீங்க உங்க அறிக்கையில சேர்க்கணும். உலகம் பூரா பூமிக்கு அடியில குழி தோண்டி, கருவி வெச்சு, கரும்பொருள் வந்து மோதுமான்னு வருஷக்கணக்காக் காத்துக்கிட்டிருக்காங்க. இதுவரைக்கும் ஒண்ணும் மோதல. ஆனா யாராவது கைவிட்டாங்களா? இன்னும் பெரிய குழி தோண்டுறாங்க. கரும்பொருள் ஒளியை உமிழாது, உறிஞ்சாது, சாதாரணப் பொருளோட வினைபுரியாது. கறிக்குழம்பு சாதாரணப் பொருள்.”

“சாதாரணமுங்களா?” என்றாள் சௌந்திரம். “மேச்சேரிக் கெடாயிங்க அது.”

“அறிவியல்படி சாதாரணம்தாம்மா. தொடாம இருந்தாங்கங்கறதுதான் அவங்க இருக்காங்கங்கறதுக்குச் சான்று.”

சௌந்திரம் இலைகளைப் பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியது.

“சாரு, செத்துப்போனவங்கன்னா தொட மாட்டாங்க, அது செரி. இவிய மாசாமாசம் சம்பளம் வாங்கறவங்கதானுங்களே? பசிக்காதுங்களா? எம் பொண்ணு மேல எதோ கோவத்துல இருக்காங்க. எனக்குத் தெரியுது. நான் அவங்கவங்க ரூமுக்கே கொண்டுபோயிக் குடுத்துப் போடறேன்.”

“வேண்டாம்” என்று வேந்தரும் மோகன்குமாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“போகலாம் வாங்கம்மா” என்றார் சாரதாமணி.

சௌந்திரம் குழம்பு ஊற்றிய தூக்குப்போசியோடு முன்னால் நடந்தாள். முதல் கதவைத் தட்டினாள், பதில் இல்லை. தள்ளினாள். உள்ளே ரிக் வண்டியின் துளைக் குழாய்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. அடுத்த அறையில் கம்ப்ரஸர். அதற்கடுத்த அறையில் வேந்தரின் மணிவிழாவுக்கு அடித்த பிளக்ஸ் பேனர்கள், ஒவ்வொன்றிலும் வேந்தர் இரு கைகளையும் கூப்பியபடி.

“கதவுல சென்னியப்பன் டாக்டருன்னு போட்டிருக்குது, அவரு பொழங்கற எடமா இது? எப்படி உக்காருவாரு?”

“அவருக்கு உக்கார எடம் தேவைப்படாதும்மா” என்றார் மோகன்குமார்.

கடைசி அறை ஒன்றில் மேசை சுத்தமாக இருந்தது. மேசை மேல் ஒரு தட்டு, தட்டில் வரிசையாக ரப்பர் கட்டைவிரல்கள். பக்கத்தில் விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி. ஒவ்வொரு விரலுக்கும் அடியில் ஒரு பெயர் ஒட்டியிருந்தது.

சௌந்திரம் திடுக்கிட்டுப் போசியைக் கீழே வைத்தாள். “ஐயோ, என்னங்க இது? வெரலு மட்டும் இருக்குது!”

சாரதாமணி துறைத்தலைவரைப் பார்த்தார்.

மோகன்குமார் தொண்டையைச் செருமினார். “முழுக்க வினைபுரியாதுன்னு சொல்ல முடியாது மேடம். மிக மிக லேசா வினைபுரியும் பகுதி ஒண்ணு இருக்கலாம்னு கோட்பாட்டுலயே இருக்கு. இதுதான் அந்தப் பகுதி.”

“தினமும் வினைபுரியுமா?”

“காலைல ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை.”

“சனிக்கிழமை?”

“அரை நாள், மேடம்.”

மண்டபத்துக்குத் திரும்பியபோது சாரதாமணி பேனாவை மூடி வைத்தார். “தரத்தைப் பத்தி எழுத இனி ஒண்ணும் பாக்கி இல்ல” என்றார்.

வேந்தர் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. ஆயிரம் அடியில் ஈரமண் வந்தால் ரிக்காரர் முகத்தில் வருமே, அது.

“அம்முணி, காலையில என்னமோ சொன்னியே. விதியைத் திருத்துனாப் போதும்னு. அதை இன்னொருக்காச் சொல்லு சாமி.”

“ஓரத்துல, இழுப்பு மெலிஞ்ச எடத்துல, விதி மாறலாம்னு சொன்னேன் ஐயா. கண்ணுக்குத் தெரியற பொருளே, பழைய விதி சொல்றதை விட எச்சா இழுக்கும்.”

“கேட்டீங்களா மேடம்!” வேந்தர் துள்ளி எழுந்தார். “இத்தனை பசங்களுக்கு இத்தனை வாத்தியாருன்னு உங்க விதி. அது மெட்ராஸ் மாதிரி ஆளு நெருக்கமா இருக்கற எடத்துக்கு. நாங்க ஓரத்துல கெடக்கறமுங்க. ஓரத்துல விதி வேற. இங்க ஒரு வாத்தியாரு ஆறு வாத்தியாரு இழுக்கற இழுப்பை இழுப்பாரு. இழுப்பீங்களா இல்லையா மோகன்குமாரு?”

“இழுப்போம் ஐயா.”

“தெரியாதவங்களே நமக்கு வேண்டாம். காலையில இந்தக் கொழந்தை எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்லுச்சு, நாந்தான் புத்தியில்லாம கத்தீட்டேன். யாருப்பா அங்க? வாசல்ல கரும்பொருள்னு இருக்கறதை எறக்கு. திருத்திய ஈர்ப்பு உயராய்வு மையம்னு எழுது.”

ஒருவர் ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினார். உதவிப் பேராசிரியர்கள் இருவரும் காலி நாற்காலிகளின் பொன்னாடைகளை உருவினார்கள். உருவியதையெல்லாம் பிரவீனாவின் தோளில் போட்டார்கள். அவள் கழுத்து வரைக்கும் மறைந்தாள்.

வேந்தர் அவள் அருகில் குனிந்தார். “இன்னைக்கே நீ டாக்டரு. நாளைக்கே இங்க வேலை. இந்தம்மா கேட்டா, நம்ம துறைக்கும் அந்த விதி பொருந்தும்னு ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

சாரதாமணி கேட்டார். “சொல்லும்மா பிரவீனா. உன் கோட்பாடு இந்தத் துறைக்குப் பொருந்துமா?”

சௌந்திரம் உதட்டசைவில் மகளிடம் சொன்னாள்: சொல்லீரு சாமி.

பிரவீனா பொன்னாடைக் குவியலுக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரையில் இன்னும் அணையாமல் இருந்த தன் இரண்டு கோடுகளைப் பார்த்தாள்.

“பொருந்தாதுங்க மேடம்.”

“ஏன்?”

“அங்க நட்சத்திரங்க இருக்க வேண்டிய வேகத்தை விட எச்சா வேகத்துல ஓடுது. அதனாலதான் காரணம் தேடறோம். தெரியாத பொருளோ, புது விதியோ, எதோ ஒண்ணு வேணும். இங்க அப்படி எதுவும் எச்சா நடக்கலீங்களே. மூணு பேரு இருக்காங்க. மூணு பேரு செய்யற வேலைதான் நடக்குது. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்குது. இங்க கரும்பொருளும் வேண்டாம், திருத்துன ஈர்ப்பும் வேண்டாம். பழைய விதியே போதும்.”

போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர் இருமினார்.

“ஏணியில ஏறுனவனை எறங்கச் சொல்லு,” என்றார் வேந்தர் மெதுவாக. பொன்னாடைகள் மறுபடி நாற்காலிகளுக்குப் போயின. “மேடம், எங்க பல்கலைக்கழகத்துல ஒரு விதி இருக்குது. வெளித்தேர்வர் ஒருத்தர் ஒத்துக்கிட்டா மட்டும் பத்தாது. துறையில பெரும்பான்மை ஒத்துக்கோணும். எங்க பேராசிரியர்கள் எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அத்தனை பேரும் வேண்டாம்ங்கறாங்க.”

“யாரு வேண்டாம்னாங்க?” என்றாள் பிரவீனா. “அங்க யாருமே இல்லையே!”

“இல்லைன்னு நீ சொல்லலைன்னு காலையில நீதான சொன்ன?”

பிரவீனா சாரதாமணியைப் பார்த்தாள். “மேடம், நீங்க சொல்லுங்க. காலி நாற்காலி ஓட்டுப் போடுமா?”

சாரதாமணி கைப்பையைத் திறந்தார், மூடினார்.

“பிரவீனா, எங்க தரக் குழுவுல ஏழு பேர். ஏழு பேரும் நேர்ல வந்து பாத்தாங்கன்னுதான் நாங்க எழுதணும்.”

“மத்தவங்க எங்க மேடம்?”

“கார்ல ஒரு சீட்டுலதான் ஆள் வந்தது,” என்றார் சாரதாமணி, தரையைப் பார்த்தபடி. “காலி நாற்காலி செல்லாதுன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?”

வேந்தரின் முகம் மலர்ந்தது. அவர் கண்ணைக் காட்டியதும் உதவிப் பேராசிரியர் ஒருவர் ஆறு பொன்னாடைகளோடு காரை நோக்கி ஓடினார்.

அப்போதுதான் சௌந்திரம் முன்னால் வந்தாள். கையில் இன்னும் குழம்புக் கரண்டி.

“ஏனுங்க, ஐயா. ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“என்னம்மா?”

“அவிய வேண்டாம்னு உங்ககிட்ட எப்பங்க சொன்னாங்க?”

“இப்பத்தான். மனசுக்குள்ள.”

“எங்கிட்ட அப்படிச் சொல்லலீங்களே. நான் ஒவ்வொருத்தருக்கும் எலை போட்டு, பேரு சொல்லி, எம் பொண்ணுக்கு நல்லபடியா முடிச்சுக் குடுங்கன்னு கேட்டனுங்க. ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லல. அப்பறமும் ரூமு ரூமாப் போயித் தட்டிக் கேட்டேன். ஒருத்தராச்சும் முடியாதுன்னு சொல்லோணுமில்ல? சொல்லல. சம்மதமில்லாம அப்படி இருப்பாங்களா?”

“அம்மா, அவங்க பேசறது உங்களுக்குக் கேக்காது.”

“உங்களுக்கு மட்டும் கேக்குமுங்களா? சம்பளம் குடுக்கறவருக்குக் கேக்கும், சோறு போட்டவளுக்குக் கேக்காதா?”

சாரதாமணி நிமிர்ந்தார். பேனாவைத் திறந்தார்.

“இந்த அம்மா ஒவ்வொருத்தரையும் கேட்டப்போ நான் பக்கத்துல நின்னேன். யாரும் மறுக்கல. அதுக்கு நான் சாட்சி. உங்ககிட்ட அவங்க வேண்டாம்னு சொன்னதுக்குச் சாட்சி யாரு, வேந்தர் ஐயா?”

வேந்தர் வாயைத் திறந்தார். அவர்கள் இல்லவே இல்லை என்று சொன்னால் இந்த ஓட்டு செல்லாது. அதோடு அவர்கள் பெயரில் நடக்கும் மற்றதும் செல்லாது. இருக்கிறார்கள் என்றால், கிடாய்க்கறி வைத்துக் கேட்டவளுக்கு மறுப்புச் சொல்லாதவர்களாக இருக்கிறார்கள். அவர் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் காலி நாற்காலிகளைப் பார்த்து, எல்லோருடைய பேச்சையும் பொறுமையாகக் கேட்பவர்போலத் தலையசைத்தார்.

“ஐயா, பிரபா டாக்டர் சரிங்கறாங்க. காளிதாஸ் டாக்டரும் சரிங்கறார். எல்லாரும்… ஆமாங்க ஐயா, ஒருமனதா.”

“மோகன்குமாரு!”

“நான் என்ன பண்றது ஐயா, அவங்க சொல்றதைத்தான் சொல்றேன்.”

சாரதாமணி எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்: கரும்பொருள் தேவையில்லை என்று நிறுவ முயன்ற இந்த ஆய்வேட்டை, கரும்பொருள் உயராய்வு மையத்தின் பேராசிரியர்கள் அனைவரும் ஒருமனதாக ஏற்று, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறார்கள்.

கைதட்டினார்கள். நாற்காலிகள் சார்பாகவும் போட்டோ எடுப்பவர் சேர்த்துத் தட்டினார்.

பல்கலைக்கழகத்தின் தரம் என்ன என்று வேந்தர் கேட்டபோது, “குழு கூடிப் பேசித்தான் சொல்ல முடியும்” என்றார் சாரதாமணி. பின்சீட்டில் பொன்னாடைகள் குவிந்திருந்த காரில் ஏறிப் போனார்.

மீந்த சோற்றையும் கறியையும் சௌந்திரம் விடுதிப் பிள்ளைகளுக்குப் போட்டாள். அவர்கள் கறிக்குழம்போடு நன்றாகவே வினைபுரிந்தார்கள். தேக்சாக்கள் காலியாயின.

திரும்பும் வழியில் வேன் லேசாக இருந்தது. ஆண்டகளூர் கேட் வரைக்கும் பிரவீனா காலித் தேக்சாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

“ஏஞ்சாமி? பட்டம் வாங்கீட்டு ஏன் மொகத்தை இப்படி வெச்சிருக்கற?”

“ஏம்மா, கண்ணுக்குத் தெரியாதது தேவையே இல்லைன்னு ஏழு வருசம் எழுதுனேன். கடைசில கண்ணுக்குத் தெரியாதவங்க ஓட்டுலதான பாஸ் பண்ணியிருக்கேன்?”

“அதுக்கென்ன இப்ப?”

“அப்ப அவங்க தேவைப்பட்டாங்கன்னுதான அர்த்தம்? என் ஆய்வு தப்புன்னு என் ஆய்வை வெச்சே காட்டீட்டாங்களே.”

சௌந்திரத்துக்கு இது முழுக்க விளங்கவில்லை. ஆனால் மகள் அழப்போகிறாள் என்பது விளங்கியது. ராசப்பன் வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பி உட்கார்ந்து மகளைப் பார்த்தார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

“மனசுக்கு ஒப்பலைன்னா சொல்லு சாமி. இப்பவே திருப்பறேன். போயி, எனக்கு இந்தப் பட்டம் வேண்டாமுங்கன்னு சொல்லீட்டு வந்தரலாம். என்ன சொல்ற?”

லாரிகள் வேனை உலுக்கிக்கொண்டு போயின. பிரவீனா ஜன்னல் வழியாகச் சாலையின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வண்டிய ஊட்டுக்கு ஓட்டுங்கப்பா,” என்றாள் முனைவர் பிரவீனா.